உபயமும் விளம்பரமும்: நிறுவன ஆதரவு இசை நிகழ்ச்சிகளில் ரசிகர் எதிர்வினை – தென்சென்னைப் புறநகரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்களின் முதலீட்டிலும் விளம்பர ஆதரவிலும் நடைபெறும் பெரும் இசை நிகழ்ச்சிகளை, நெடுங்காலப் புகழ் பெற்ற கலைஞர்களின் ரசிகர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூரில் நடைபெற்ற ஏ. ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. கோயில் திருவிழாவின் உபயம், சபா உறுப்பினர் முறை, வானொலி விளம்பரம், மெல்லிசைக் குழுவின் தெருமேடை ஆகியவற்றோடு அது ஒப்பிடப்படுகிறது. கலைஞர் வணிகத்தோடு சேர்ந்துவிட்டார் என்பதற்காகத் தமிழ் ரசிகர் சினம் கொள்வது அரிது. தாம் விருந்தினரா, விலை கொடுத்தவரா என்பது குழம்பும் இடத்திலேயே அச்சினம் எழுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ரசிகர், உபயம், சபா, மெல்லிசைக் குழு, நுழைவுச்சீட்டு, பனையூர், நாவலூர்

முன்னுரை

தமிழ் இசைப் புரவலர் மரபு பற்றிய ஆய்வுகள் பலவும் பாணரிடமும் ஆற்றுப்படையிடமும் தொடங்குவது வழக்கம். இக்கட்டுரைக்கு அத்தொடக்கம் தேவைப்படவில்லை. பாணன் பெற்ற பரிசிலைப் பற்றிப் பாட்டுகள் விரிவாகப் பேசுகின்றன. அவன் பாடியபோது அவையின் ஓரத்தில் நின்று கேட்டவர் யார், அவர் என்ன நினைத்தார் என்பதற்கு அவற்றில் இடம் மிகக் குறைவு. புரவலர், கலைஞர் என்ற இருவரை மட்டும் கொண்டு எழுதப்படும் இசை வரலாற்றில் மூன்றாமவரான கேட்பவர் பெரும்பாலும் ‘அவை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போகிறார். அம்மூன்றாமவர் வாய் திறந்து முறையிட்ட தருணங்களே இங்கு ஆய்வுப்பொருள்.

அத்தகைய தருணங்களில் அண்மைக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது பனையூர் நிகழ்ச்சி. அதனை ஏற்பாட்டுக் குளறுபடி என்ற அளவில் மட்டும் அணுகினால், ரசிகர்கள் கூறியவற்றின் பொருள் முழுமையாக விளங்காது. நுழைவுச்சீட்டு வாங்கியும் உள்ளே செல்ல இயலாதவர், பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு நின்றிருக்கலாம். ஆயின் அவர்களுள் பலர் பணத்தைப் பற்றிப் பேசியதை விட, இளமை முதல் தம்மோடு வந்த ஓர் இசையின் வாயிலில் தாம் நிறுத்தப்பட்டதைப் பற்றியே மிகுதியாகப் பேசினர். ஒரே முறையீட்டில் இரண்டு மொழிகள் கலந்திருந்தன. இவ்விரண்டும் எங்கிருந்து வந்தன என்பதே இக்கட்டுரையின் வினா.

உபயம் என்னும் சொல்

இசைக்குப் பிறர் பணம் கொடுப்பது தமிழகத்தில் புதிதன்று. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளின் செலவையும் ஒரு குடும்பமோ தொழிற்குழுவோ தெருவோ ஏற்றுக்கொள்ளும் மண்டகப்படி முறை இன்றும் வழக்கில் உள்ளது. அன்றைய நாகசுரக் கச்சேரியும் அச்செலவில் அடக்கம். அழைப்பிதழில் நாள், வாகனம், கலைஞர் பெயர் ஆகியன வரிசையாக அச்சிடப்பட்டு, இறுதியில் ‘உபயம்’ என்ற சொல்லோடு கொடையாளர் பெயர் இடம்பெறும். குழல்விளக்கின் மீதும் மின்விசிறியின் மீதும் உபயதாரர் பெயரை எழுதி வைக்கும் வழக்கத்தை நோக்கினால், பெயர் விளங்கவேண்டும் என்ற விருப்பம் நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாகும்.

ஆயினும் உபயத்தின் இலக்கணம் கருதத்தக்கது. உபயதாரர் கொடுப்பது இறைவனுக்கு. ஊரார் கேட்பது அக்கொடையின் வழியாக. ஆகவே கேட்பவர் கொடையாளருக்குக் கடன்பட்டவர் அல்லர். பிடிக்காவிடில் எழுந்து போகலாம். பிடித்தால் விடியும்வரை அமரலாம். இன்றைய நிகழ்ச்சிப் பதாகையில் சொல்லமைப்பு தலைகீழாகிறது. ‘இன்ன நிறுவனம் வழங்கும்’ என்ற பெயரெச்சத் தொடர் முதலில் வருகிறது. கலைஞர் பெயர் அதற்குப் பின்னர் வருகிறது. இலக்கண நோக்கில் கொடுப்பவர் நிறுவனம், கொடுக்கப்படுவது இசை, பெறுபவர் ரசிகர். ஆனால் அந்தப் பெறுபவர் நுழைவுச்சீட்டுக்கு ஆயிரக்கணக்கில் பணமும் கட்டியிருக்கிறார். ‘வழங்கும்’ என்ற சொல் மறைப்பது இந்த உண்மையையே.

திருவிழா மேடையைக் குறையற்ற பொற்காலமாகக் காட்டுவது பிழையாகும். மண்டகப்படி உரிமை சாதிப்படிநிலையோடு பிணைந்தது. எவர் பெயர் அழைப்பிதழில் வரலாம், எவர் எந்தத் தெருவில் நின்று கேட்கலாம் என்பன பல ஊர்களில் பூசலுக்கும் வழக்குக்கும் காரணமாகியுள்ளன. கட்டணம் இல்லாத மேடை எல்லார்க்கும் திறந்த மேடை என்று கொள்ள இயலாது. இங்குக் குறிக்கப்படுவது ஒன்றே: உபய முறையில் கேட்பவர் வாங்குபவராக எண்ணப்படவில்லை.

சபா: உறுப்பினர் என்னும் உரிமை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இசைக்கலைஞர்கள் தஞ்சைப் பகுதியிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது, அரசவையின் இடத்தைச் சபா எடுத்துக்கொண்டது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி நடைபெற்ற இசை மாநாட்டின் பயனாக 1928இல் சென்னை மியூசிக் அகாதெமி தோன்றியது. சந்தா செலுத்தும் உறுப்பினர், அன்றாட நுழைவுச்சீட்டு வாங்குபவர், கொட்டகைக்கு வெளியே நின்று கேட்பவர் என ரசிகர்கள் இக்காலத்தில் தரம் பிரிந்தனர். முதலாமவருக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேச உரிமை இருந்தது. தமிழ் ரசிகர் வரலாற்றில் இது ஒரு திருப்பம். கேட்பவர் இங்கு அமைப்பின் பங்காளி. குறை இருப்பின் செயலாளரிடம் முறையிடலாம், அடுத்த தேர்தலில் அவரை மாற்றவும் முயலலாம்.

தொழில்முதலாளர் இம்முறையிலும் இருந்தனர். ஆனால் அவர்கள் பதாகையாக வராமல், தலைவராகவும் நிர்வாகியாகவும் வந்தனர். டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்திற்கும் மியூசிக் அகாதெமிக்கும் இருந்த தொடர்பு அறியப்பட்டதே. அதன் அரங்கம் இன்றும் அக்குடும்பத்தின் முதலெழுத்துகளைத் தாங்கி நிற்கிறது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதற்கு அடித்தளமிட்டவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். வங்கி, தொழில் முதலீடுகளில் ஈட்டிய செல்வம் தமிழ்ப் பாடல்களுக்கான மேடையாக மாறியது. இதனை எவரும் வணிகமயம் என்று சாடியதாகக் கூறுவதற்கில்லை. எழுந்த பெரும் விவாதம் பாடலின் மொழி பற்றியதாகவே இருந்தது. 1930களில் ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் இசை விமரிசனம் எழுதிய கல்கி, தமிழிசைக்காக வாதிட்டபோது ரசிகர் தரப்பின் குரலாகவே பேசினார். கேட்பவருக்குப் புரியும் மொழியில் பாடுவது கலைஞரின் கடமை என்பது அவ்வாதத்தின் உட்கிடை. பணம் எங்கிருந்து வருகிறது என்பது வினாவாகவில்லை. தாம் மதிக்கப்படுகிறோமா என்பதே வினாவாயிற்று.

விளம்பரமும் துண்டுச் சீட்டும்

விளம்பரத்தோடு கலந்த இசையைத் தமிழர் முதலில் பெருமளவில் கேட்டது வானொலியில். 1950களில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்தில் கேட்கப்பட்டது. 1957இல் தொடங்கிய விவித் பாரதி 1967இல் வணிக ஒலிபரப்பை மேற்கொண்டது. பற்பசைக்கும் தலைவலி மருந்துக்கும் இடையே பாடல் வந்தது. நேயர் முணுமுணுத்திருக்கலாம், ஆனால் ஏமாற்றப்பட்டதாக அவர் உணரக் காரணம் இல்லை. பாடலுக்கு அவர் பணம் கட்டவில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று நுட்பமானது: நேயர் விருப்ப நிகழ்ச்சியில் அவருடைய பெயரும் ஊரும் படிக்கப்பட்டன. விளம்பரதாரரின் பெயரைப் போலவே கேட்பவரின் பெயரும் காற்றில் வந்தது.

இதே உறவு மெல்லிசைக் குழுக்களின் மேடையில் நேருக்கு நேர் நிகழ்ந்தது. ஆடி மாதத்து அம்மன் கோயில் விழாவிலும் திருமண வரவேற்பிலும் பாடிய இக்குழுக்கள் பற்றிய முறையான ஆய்வு தமிழில் இன்னும் போதிய அளவில் வளரவில்லை. ஏ. வி. ரமணனின் ‘மியூசியானோ’, பின்னர் வந்த ‘லஷ்மண் ஸ்ருதி’ போன்றவை ஒரு தலைமுறையின் இசை நினைவில் திரைப்படத்துக்கு நிகரான இடம் பெற்றவை. இளையராஜாவின் தொடக்கமும் இத்தகைய ஒரு குழுவே. அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடித்திரிந்த ஆண்டுகளுக்குப் பின்னரே 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அம்மேடைகளுக்குப் புரவலர் கட்சி. கேட்டவர் தோழரும் ஊராரும்.

தெருமேடையின் முன் பாயில் அமர்ந்திருந்தவர் தமக்கு வேண்டிய பாடலைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார். சில வேளை ஒரு ரூபாய்த் தாளும் உடன் செல்லும். அறிவிப்பாளர் பெயரைப் படித்துவிட்டுப் பாடலை அறிவிப்பார். சபாக் கச்சேரியிலும் துக்கடாவுக்கான சீட்டு முன்வரிசையிலிருந்து சென்றதுண்டு. துண்டுச் சீட்டுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் உள்ள வேறுபாடு சிந்தனைக்குரியது. முன்னது ரசிகரிடமிருந்து மேடைக்குச் செல்வது. பின்னது நிறுவனத்திடமிருந்து ரசிகருக்கு வருவது.

மெல்லிசைக் குழுவே ஏற்பாட்டாளராக மாறிய நிகழ்வும் இவ்வரலாற்றில் உண்டு. லஷ்மண் ஸ்ருதி 2005 முதல் காமராஜர் அரங்கில் ‘சென்னையில் திருவையாறு’ என்ற விழாவை நடத்தத் தொடங்கியது. காவிரிக்கரையில் ஊரார் கூடிப் பாடும் தியாகராசர் ஆராதனையின் பெயரும் வடிவமும் விளம்பர ஆதரவோடு அண்ணாசாலைக்கு வந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் தொலைக்காட்சி நிறுவனங்கள் நேரடி நிகழ்ச்சிகளின் புரவலராயின. இளையராஜா 2005இலும் 2011 டிசம்பர் 28இலும் நேரு விளையாட்டரங்கில் நடத்திய நிகழ்ச்சிகளை ஜெயா தொலைக்காட்சி ஒளிபரப்பியது. இங்கு அரங்கில் அமர்ந்திருந்தவர் பார்வையாளர் மட்டுமல்லர். பின்னர் வீட்டில் காண்போருக்காகப் படம் பிடிக்கப்பட்ட காட்சியின் ஒரு பகுதியும் ஆனார்.

மேலைநாட்டுக் குற்றச்சாட்டும் இங்குள்ள குற்றச்சாட்டும்

1981இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கப் பயணத்திற்கு ஜோவன் என்ற நறுமணப்பொருள் நிறுவனம் ஆதரவளித்தது. மறு ஆண்டு தி ஹூ குழுவின் பயணத்தை ஷ்லிட்ஸ் பீர் நிறுவனம் ஆதரித்தது. ராக் இசை எதிர்ப்பின் குரல் என்று நம்பிய ரசிகர்களுக்கு இது கொள்கைத் துரோகமாகத் தோன்றியது. 1988இல் நீல் யங் விளம்பரத்திற்குப் பாடுவோரை எள்ளிப் பாடிய பாடலின் காணொளியை எம்டிவி முதலில் ஒளிபரப்ப மறுத்தது. மறு ஆண்டு அதே காணொளிக்கு அந்நிறுவனமே ஆண்டின் சிறந்த காணொளி விருதை அளித்தது. அங்கு ரசிகரின் அடிப்படைக் குற்றச்சாட்டு, கலைஞர் தம்மை விற்றுவிட்டார் என்பதாகும்.

தமிழ்ச் சூழலில் இக்குற்றச்சாட்டு வலுப்பெறவில்லை. தென்சென்னையின் கல்லூரி வளாகங்கள் ராக் இசைக்கு இடமளித்தவை. 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் ‘டீப் வுட்ஸ்’ விழாவும், சென்னை ஐஐடியின் திறந்தவெளி அரங்கில் நடைபெறும் ‘சாரங்’ விழாவும் நெடுங்காலமாக நிறுவன ஆதரவோடு இயங்குபவை. பதாகையைக் கண்டு மாணவர் அரங்கை விட்டு நீங்கியதில்லை. 2023இல் ஒரு குளிர்பான நிறுவனத்தின் பெயர் தாங்கிய ‘கோக் ஸ்டுடியோ தமிழ்’ வந்தபோதும் விவாதம் பாடல்களைப் பற்றியே பெரிதும் அமைந்தது. திரையிசை தொடக்கம் முதலே முதலீட்டின் பிள்ளை என்பது இதற்கு ஒரு விளக்கம். உபயம் என்ற பழக்கம் கொடையாளர் பெயரை இயல்பாக்கிவிட்டது என்பது மற்றொன்று. பின்னதற்கே இக்கட்டுரை கூடுதல் அழுத்தம் தர விரும்புகிறது; ஏனெனில் திரையிசை அல்லாத மேடைகளிலும் இதே பொறுமை காணப்படுகிறது.

எதிர்க்குரலே இல்லை என்பதும் பொருந்தாது. 2015இல் டி. எம். கிருஷ்ணா டிசம்பர் இசைவிழாவில் இனிப் பாடுவதில்லை என அறிவித்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் பெசன்ட் நகரை அடுத்த மீனவர் குடியிருப்பான ஊரூர் ஆல்காட் குப்பத்தில், தன்னார்வலர் உழைப்பாலும் பொதுமக்கள் நன்கொடையாலும் கட்டணமில்லா விழா ஒன்று தொடங்கியது. ஆனால் இவ்வெதிர்ப்பு முதன்மையாகச் சாதியையும் இடத்தையும் பற்றியது. மேலும் அது கலைஞர் தரப்பிலிருந்து எழுந்தது. ரசிகர் கூட்டத்திலிருந்து அன்று.

ரசிகர் தரப்பில் எழுந்தவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2017 மார்ச்சில், தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என இளையராஜா தரப்பு எஸ். பி. பாலசுப்பிரமணியத்திற்கு அமெரிக்கப் பயணத்தின்போது சட்ட அறிவிப்பு அனுப்பியது. ரசிகர்கள் இரு பிரிவாயினர். பதிப்புரிமை பற்றி அதுவரை பேசாதவர்களும் பேசினர். அவ்விவாதத்தில் அடிக்கடி தலைகாட்டியது, பாட்டு இருவருக்கும் அப்பால் கேட்டவருக்கும் உரியது என்ற உணர்வு. அதே ஆண்டு ஜூலை 8 அன்று இலண்டன் வெம்பிளியில் ‘நேற்று இன்று நாளை’ என்ற தலைப்பில் ரகுமான் நடத்திய நிகழ்ச்சியில், தமிழ்ப் பாடல்கள் மிகுந்துவிட்டன எனக் கூறி இந்தி ரசிகர் சிலர் இடையில் வெளியேறினர். கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் எனவும் சமூக ஊடகங்களில் கோரினர். 1940களில் தமிழ்ப் பாட்டுக்காகத் தமிழ் ரசிகர் முறையிட்டதோடு இதனை ஒப்பிட்டால் மாற்றம் புலப்படும். அன்று ரசிகர் கலைஞரின் கடமையைச் சுட்டினார். வெம்பிளியில் தாம் கொடுத்த விலையைச் சுட்டினார். அந்நிகழ்ச்சியின் தலைப்பே தமிழில் இருந்தது என்பதை வெளியேறியோர் ஏன் கருதவில்லை என்பது வேறு வினா.

நாவலூரிலிருந்து பனையூருக்கு

2000இல் டைடல் பூங்கா, 2008இல் ஆறுவழி ராஜீவ் காந்தி சாலை, சிறுசேரி தகவல்தொழில்நுட்பப் பூங்கா என வளர்ந்த பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் இடைப்பட்ட ஊர் நாவலூர். ஏரியும் வயலுமாக இருந்த இவ்வூர் அடுக்ககங்களும் வணிக வளாகங்களும் நிறைந்த குடியிருப்பாக மாறியது. ‘ரோஜா’ வெளிவந்த 1992இல் பள்ளி மாணவராக இருந்து, பிற மாவட்டங்களிலிருந்து வேலைக்காக இங்கு வந்து நடுவயதை எட்டியவர்கள் இதன் குடிமக்களுள் கணிசமானோர். ரகுமானின் முப்பதாண்டு இசைப் பயணத்தைக் கொண்டாடும் நிகழ்ச்சிக்கு இவர்களை விடப் பொருத்தமான அவையோர் அரியர். சந்தா கட்டும் சபாவும், பாய் விரிக்கும் தெருமேடையும் இவர்களது அன்றாடத்தில் இல்லை. பலருக்கு நேரடி இசை என்றால் கைப்பேசியில் வாங்கும் நுழைவுச்சீட்டே.

நாவலூருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கு அப்பால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அச்சாலை நெடுங்காலமாகப் பொழுதுபோக்கின் சாலை. கலாக்ஷேத்திரா, 1966இல் தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், முட்டுக்காட்டின் தட்சிணசித்ரா ஒருபுறம். கேளிக்கைப் பூங்காக்கள், திரையரங்க வளாகங்கள், தனியார் விழா மைதானங்கள் மறுபுறம். வரைபடத்தில் இரு சாலைகளும் அருகருகே உள்ளன. ஆனால் கால்வாயைக் கடக்கும் பெரிய இணைப்புச் சாலைகள் இப்பகுதியில் சோழிங்கநல்லூரிலும் கேளம்பாக்கத்திலுமே அமைந்துள்ளன. நாவலூர் சுங்கச்சாவடியில் கட்டண வசூல் 2023 அக்டோபர் 19 முதலே நிறுத்தப்பட்டது. நிகழ்ச்சி நாளில், சுங்கம் கட்டி அச்சாலையில் வந்த வாகனங்களும் அதே குறுகிய இணைப்பில்தான் திரும்ப வேண்டியிருந்தது. நிர்வாக எல்லைகளும் இங்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை: பனையூர் பெருநகரச் சென்னை மாநகராட்சிக்கு உட்பட்டது, அதன் காவல் பொறுப்போ 2022இல் தோன்றிய தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தினுடையது.

நிகழ்ச்சி முதலில் 2023 ஆகஸ்டு 12 அன்று நடைபெறவிருந்து, மழையால் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் குறிக்கப்பட்ட செப்டம்பர் 10 ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என நுழைவுச்சீட்டுகள் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. மாலையில் சாலை அடைபட்டது. முதலமைச்சரின் வாகன அணியும் அந்நெரிசலில் தாமதிக்க நேர்ந்தது. உயர்விலைச் சீட்டு வைத்திருந்தோரும் வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டனர். குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து தவித்தனர். கூட்டத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகப் பெண்கள் கூறினர். அனுமதி பெறப்பட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 20,000 என்றும், வந்தோர் அதன் இருமடங்கு அளவினர் என்றும் அந்நாளைய செய்திகள் குறித்தன. தாம்பரம் காவல்துறை விசாரணை மேற்கொண்டது. காவல் அலுவலர் இருவர் இடமாற்றம் செய்யப்பட்டனர். ஏற்பாட்டு நிறுவனம் பொறுப்பேற்று வருத்தம் தெரிவித்தது.

ஆயினும் ரசிகர் சினத்தின் பெரும்பகுதி நிறுவனத்தை நோக்கித் திரும்பாமல் ரகுமானை நோக்கியே சென்றது. சீட்டை விற்றவரும் வாயிலை அமைத்தவரும் அவர் அல்லர் என்று அவருக்காகத் திரைத்துறையினர் சிலர் பரிந்து பேசினர். ஒப்பந்த நோக்கில் அது சரியே. ஆனால் ரசிகர் நிறுவனத்தின் அழைப்பின் பேரில் செல்லவில்லை. பதாகையில் ‘வழங்கும்’ என்ற சொல்லுக்கு முன் எந்தப் பெயர் இருந்தாலும், அவர் காதில் விழுந்தது கலைஞரின் அழைப்பு. விருந்துக்கு அழைத்துவிட்டு வாயிலில் நிறுத்தியதாக அவர் உணர்ந்தது இதனாலேயே. உபய மரபில் கொடையாளரை மறந்து தெய்வத்தையும் கலைஞரையும் மட்டும் நினைவில் கொள்ளும் பழக்கம், பணம் கட்டிய பின்னும் அவரிடம் மாறாமல் இருந்தது.

ரகுமானின் மறுமொழியும் அந்த இடத்திலிருந்தே வந்தது. உள்ளே செல்ல இயலாதோர் தம் சீட்டின் படியையும் குறையையும் மின்னஞ்சலில் அனுப்புமாறு அவர் மறுநாளே கேட்டுக்கொண்டார். பிறகு, அனைவரும் விழிப்படைவதற்காகத் தாமே பலியாடாக இருப்பதாக எழுதினார். நகரின் கட்டமைப்பு, கூட்ட மேலாண்மை, பெண்கள் குழந்தைகள் பாதுகாப்பு ஆகியன மேம்பட வேண்டும் என்பதையும் குறித்தார். கட்டணம் திருப்பித் தரும் பணி தொடங்கியது. விருந்தோம்புபவராகப் பொறுப்பேற்று, விற்பனையாளரின் வழியில் ஈடு செய்தல் என இம்மறுமொழியைச் சுருக்கலாம். ரசிகரின் இரு மொழிகளுக்கும் இவ்வாறு விடை கிடைத்தது.

எனினும் முறையீடுகள் அனைத்தும் இவ்விரு மொழிகளில் அடங்குவன அல்ல. நெரிசலில் தொல்லைக்கு ஆளான பெண்ணின் முறையீடு விருந்தினருடையதும் அன்று, வாங்குபவருடையதும் அன்று. அது குடிமகளின் முறையீடு. சீட்டின் படியை அனுப்பினால் பணம் திரும்பும். அவருக்கு நேர்ந்ததற்கு எந்தப் படியை இணைப்பது? பின்வந்த வாரங்களில் பொது விவாதம் போக்குவரத்து, மிகைவிற்பனை, பணத்திருப்பம் என்ற மூன்றிலேயே சுழன்று, இம்முறையீட்டை ஓரத்தில் விட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் தோன்றி 2019இல் புதுப்பிக்கப்பட்டுள்ளது. பொருளில் குறை, சேவையில் குறை என்பவற்றை அது அளந்து சொல்லும். கூட்டத்தில் உடல் பாதுகாப்பாக இருத்தல் சேவையின் ஒரு கூறு என்று மட்டும் கருதப்படுமாயின், அங்கு ரசிகர் ஊராராக நின்ற கடைசிச் சுவடும் அழிகிறது.

ஐந்து மாதங்களுக்குப் பின் 2024 பிப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சி நடைபெற்றது. தனியார் கல்வி நிறுவனம் ஒன்றின் ஆதரவில் நடந்த அந்நிகழ்ச்சியில் கட்டணப் பகுதி, கட்டணமற்ற பகுதி என மைதானம் தடுப்புகளால் பிரிக்கப்பட்டிருந்தது. பின்பகுதியில் நின்றோர் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்பகுதிக்குள் நுழைந்தனர். நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது. பனையூரில் சீட்டு இருந்தும் வெளியில் நின்றனர். முற்றவெளியில் சீட்டு இன்றி உள்ளே நுழைந்தனர். ஒழுங்கின்மை என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பது எளிது. ஆனால் முற்றவெளி யாழ்ப்பாணத்து மக்கள் கூட்டங்களுக்கும் நினைவேந்தல்களுக்கும் கூடும் பொதுவெளி. ஊராருக்குரிய நிலத்தில் வேலி கட்டி முன்வரிசையை விற்றபோது, பின்னால் நின்றவர்கள் தம்மைச் சீட்டற்றவர்களாகக் கருதவில்லை. ஊராராகவே கருதினர் என்று கொள்ள இடமுண்டு. போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தின் சூழல் தனித்த ஆய்வை வேண்டுவது.

சான்றுகள் பற்றி

இத்தகைய ஆய்வுக்குரிய மூலங்களின் நிலை கவலைக்குரியது. நாவலூரிலிருந்து அரைமணித் தொலைவில், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இசைத்தட்டுகள், பாட்டுப் புத்தகங்கள், நாடக அறிவிப்புகள் எனப் பழைய மேடையின் அச்சுச் சுவடுகளைக் காத்துவருகிறது. நூறாண்டுக்கு முந்திய நிகழ்ச்சியின் கட்டண விவரத்தை ஒரு துண்டறிக்கையிலிருந்து படிக்க முடிகிறது. பனையூர் நிகழ்ச்சியின் நுழைவுச்சீட்டோ கைப்பேசித் திரையில் தோன்றிய ஒரு குறியீட்டுச் சதுரம். ரசிகர்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் தனியார் கணினியில் உள்ளன. சமூக ஊடகப் பதிவுகளில் பல நீக்கப்பட்டுவிட்டன. அந்த மின்னஞ்சல்களில் சீட்டின் படியோடு எத்தனை பேர் தம் வாழ்வில் ஒரு பாடலுக்குரிய இடத்தையும் சேர்த்து எழுதினர் என்பதை அறிய வழி இருக்குமாயின், துண்டுச் சீட்டு எழுதியவரின் வழித்தோன்றல்களை அங்கே காண இயலும்.